சாயம் ஏறாத கண்ணாடி

அத்தியாயம் பதினொன்று

நல்ல செய்தியை அவசரப்பட்டுச் சொன்னதற்காக யாரும் யாரையும் திட்டுவதில்லை. அந்தத் தைரியத்தில்தான் மகள் போன வெள்ளிக்கிழமை வாயைத் திறந்துவிட்டாள்.

அம்மாவின் கர்ப்பப்பையை எடுத்தாயிற்று. புற்றுக் கட்டி கர்ப்பப்பையைத் தாண்டவில்லை என்று அறுவை செய்த டாக்டர் சொன்னார். எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்பினார். அது வந்து சேர்ந்தது மகள் வேலை பார்க்கிற லேபுக்கே.

சொந்தக்காரர்களின் சதையைத் தொடக் கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். அவளும் தொடவில்லை. கூட வேலை பார்க்கிற பெண்தான் அதைச் சீவிக் கண்ணாடித் துண்டில் ஏற்றினாள், சாயம் போட்டாள். ஆனால் எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில் அந்த ஸ்லைடை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்க்காமல் இருக்க மகளால் முடியவில்லை.

பி53 என்ற புரதத்தைத் தேடுகிற ஸ்லைடு அது. புரதம் இருக்கிற இடம் பழுப்பாகும். இல்லாத இடம் நீலமாகவே நிற்கும். தயார் செய்வது அவள் வேலை, படித்துச் சொல்வது லேபின் டாக்டர் மேடம் வேலை. இருந்தாலும் காது சும்மா இருக்குமா? 'முழுக்கப் பழுப்பு' என்று டாக்டர் மேடம் குரலை இறக்கும்போதெல்லாம் அது யாருக்கோ கெட்ட செய்தி என்று அவளுக்குத் தெரியும். அம்மாவின் கட்டியில் பேருக்குக்கூடப் பழுப்பு இல்லை. துடைத்து வைத்த மாதிரி நீலம்.

வீட்டுக்கு வந்தவள் செருப்பைக் கழற்றாமலே சொன்னாள். "அம்மா, சுத்தமா இருக்கு. நானே பாத்தேன்."

அன்றிலிருந்து அந்த வீட்டில் எல்லாரும் சத்தமாகப் பேச ஆரம்பித்தார்கள்.

புதன்கிழமை காலை அம்மா ஷூ மாட்டிக்கொண்டிருந்தாள். அறுவைக்குப் பிறகு குனியக் கூடாது என்பதால் ஒரு காலை நாற்காலியில் தூக்கி வைத்திருந்தாள். அம்மா டிரைவிங் ஸ்கூல் டீச்சர். அந்த ஊரில் கார் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் அவளிடம் திட்டு வாங்கிக் கற்றுக்கொண்டவர்கள். உதிரம் பட ஆரம்பித்த மாதங்களில் சீட்டில் துண்டை மடித்துப் போட்டு உட்கார்ந்து, முதுகு வலி என்று எல்லாரையும் நம்ப வைத்ததும் அந்தக் காரில்தான்.

"எங்கே கிளம்பிட்டே?" என்றாள் மகள்.

"வண்டியைப் பாத்துட்டு வரேன். ஓட்ட மாட்டேன், பயப்படாதே. எனக்குப் பதிலா வந்திருக்கானே ஒருத்தன், அவன் கிளட்ச்சை என்ன பாடு படுத்தியிருக்கான்னு பாக்கணும்."

"வர்ற வெள்ளிக்கிழமை கேன்சர் டாக்டரைப் பாத்துட்டு அப்புறம் போயேன்."

"அதை நேத்தே வேண்டாம்னு போன் பண்ணிச் சொல்லிட்டேன்."

மகள் கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். "யாரைக் கேட்டும்மா சொன்னே?"

"உன்னைக் கேட்டுத்தான். சுத்தம்னு சொன்னது நீதானே? நல்லா இருக்கிறவ போய் வரிசையில உக்காந்தா நிஜமா வியாதிக்காரங்களுக்கு இடம் போகும். பூதம், அந்த ஷூ லேஸை இழுத்துக் கட்டு."

சின்ன வயதில் மகள் பூதக்கண்ணாடியும் கையுமாகத் திரிந்ததால் வந்த பெயர். அம்மா சந்தோஷமாக இருந்தால்தான் அந்தப் பெயர் வரும். போன வருஷம் முழுக்க அது வரவில்லை.

"ரிப்போர்ட் இன்னும் வரலையே," என்றாள் மகள், லேஸைக் கட்டியபடி.

"ரிப்போர்ட் எழுதறவங்க பாக்கிறதும் அதே கண்ணாடியைத்தானே?"

அப்பா உள்ளேயிருந்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்தார். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே அவருக்கு ஜெராக்ஸ் கடை. நகல் எடுக்க வந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் இந்தச் செய்தியின் நகலும் கிடைத்துவிட்டது.

"நேத்து ஒருத்தர் வந்தார்," என்றார். "ரேஷன் கார்டு ஜெராக்ஸ். அவர் சம்சாரத்துக்கும் இதே ஆபரேஷனாம். முகமெல்லாம் செத்துப் போயிருந்தது. உக்கார வெச்சு, எங்க வீட்டுக் கதையைச் சொல்லி அனுப்பினேன். தெம்பாப் போனார்."

"அவர்கிட்ட காசு வாங்கினீங்களா இல்லையா?" என்றாள் அம்மா.

"அதுல மறந்துட்டேன்."

"இப்படியே எல்லாருக்கும் தெம்பு குடுங்க. கரண்ட் பில்லை யார் கட்டுறது?"

சிரித்துக்கொண்டே கிளம்பினார். மகளுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு 'வேண்டாம்னு சொல்லிட்டேன்' என்றது மட்டும் காதிலேயே நின்றது.

லேபில் நுழைந்து கோட்டை மாட்டுவதற்குள் டாக்டர் மேடம் கூப்பிட்டார். அதிகம் பேசாதவர். பேசினால் நாற்காலியைக் காட்டிவிட்டுத்தான் பேசுவார்.

"உக்காரும்மா. உங்க அம்மா ஸ்லைடைப் பாத்தியா?"

இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. "பாத்தேன் மேடம்."

"வீட்டுல ஏதாவது சொன்னியா?"

மகள் மேஜையில் இருந்த பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லிட்டே," என்றார் மேடம். அதில் கோபம் இல்லை. மைக்ராஸ்கோப்பின் இன்னொரு கண்ணை அவள் பக்கம் திருப்பினார். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பார்க்கிற மாதிரி இரட்டைக் குழாய் வைத்தது அது. "இப்ப என்னோட சேர்ந்து பாரு."

அதே நீலம்.

"பி53 ஒரு காவல்காரன் மாதிரி. செல்லு தறிகெட்டுப் பெருகினா பிடிச்சு நிறுத்துற ஆளு. ஒழுங்கா இருக்கிற இடத்துல அது கொஞ்சமா வரும், வேலையை முடிச்சுட்டுப் போயிடும். அதனால இங்கே ஒண்ணு, அங்கே ஒண்ணுன்னு லேசாப் பழுப்பு தெரியணும். கெட்டுப்போனா ரெண்டு விதமாக் கெடும். வேலை செய்யத் தெரியாத காவல்காரங்க வாசல்ல குவிஞ்சு கிடக்கிறது ஒண்ணு. அது உனக்குத் தெரிஞ்ச முழுப் பழுப்பு."

"இன்னொண்ணு?"

"காவலுக்கு ஆளே வராதது."

மகள் கண்ணைக் குழாயிலிருந்து எடுக்கவில்லை. எடுத்தால் மேடத்தின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.

"சாயம் ஏறாமப் போயிருக்கலாம் இல்ல மேடம்? மருந்து பழசாகியிருந்தா, இல்ல சூடு பத்தாம இருந்தா..."

"கட்டிக்கு வெளியே பாரு. ஓரத்துல."

மேடம் ஸ்லைடை ஒரு மயிரிழை நகர்த்தினார். கட்டியைச் சுற்றியிருந்த சாதாரணச் செல்களில் அங்கங்கே மங்கலாகப் பழுப்புப் புள்ளிகள். வெள்ளிக்கிழமையும் அவை அங்கேதான் இருந்தன. கட்டிக்குள் பழுப்பு இல்லை என்ற சந்தோஷத்தில் அவள்தான் அவற்றைக் கவனிக்கவில்லை. சாயம் சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது என்பதற்கு அந்தப் புள்ளிகள்தான் சாட்சி. நல்ல செல்லில் ஏறியிருக்கிறது, கட்டியில் மட்டும் ஏறவில்லை.

"இந்தப் புற்றை நாலு வகையாப் பிரிக்கிறோம்," என்றார் மேடம். "அதுல மறுபடி வர்றதுக்கு அதிகம் வாய்ப்பு இருக்கிறது இந்த வகைதான். கர்ப்பப்பையைத் தாண்டலைன்னாலும் இதைச் சும்மா விடக் கூடாது. கீமோ குடுத்தா அதிகப் பலன் கிடைக்கிறதும் இந்த வகைக்குத்தான். தள்ளிப் போடாம கேன்சர் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ."

"எவ்வளவு நாள் மேடம்?"

"ஸ்லைடு நாள் சொல்லாது. எந்தப் பக்கம் சாயும்னு மட்டும்தான் சொல்லும்."

வெளியே யாரோ சாம்பிள் டப்பாக்களை அடுக்குகிற சத்தம். மகள் மெதுவாகக் கேட்டாள். "இன்னொரு தடவை போட்டுப் பாக்கலாமா?"

"எனக்கு வேண்டியதில்லை."

"எனக்கு வேணும் மேடம்."

மேடம் ஸ்லைடை எடுத்துத் தட்டில் வைத்தார். "நீயே போடு. அடுத்தவங்க போட்டா நம்ப மாட்டே."

மெழுகுக் கட்டியை எடுத்தாள். கட்டைவிரல் நகத்தளவு சதை, மெழுகுக்குள் வெளிறிப் போய் உட்கார்ந்திருந்தது. கர்ப்பப்பையின் உள்சுவர். இந்தச் சுவரில் ஒட்டிக்கொண்டுதான் அவள் ஒருகாலத்தில் வளர்ந்தாள். அதை மெஷினில் பொருத்தி, கைப்பிடியைச் சுழற்றி, மூச்சு பட்டாலே பறந்துவிடுகிற அளவுக்கு மெல்லிசாகச் சீவினாள்.

சீவல் வெதுவெதுப்பான தண்ணீரில் சுருக்கம் விட்டு விரிந்தது. கண்ணாடியில் ஏந்தினாள். அதே கண்ணாடியின் நுனியில், எப்போதும் சாயம் ஏறுகிற தொண்டைச் சதைத் துண்டு ஒன்றையும் வைத்தாள். அதில் ஏறாவிட்டால் சாயத்தின் மேல் தப்பு. அவளுடைய நம்பிக்கை மொத்தமும் அந்தத் துண்டின் மேல்தான் இருந்தது. அது நீலமாகவே நின்றுவிட வேண்டும். வேலையில் சேர்ந்ததிலிருந்து தான் போட்ட சாயம் பிடிக்கக் கூடாது என்று அவள் வேண்டிக்கொண்டது அன்றைக்குத்தான்.

அடுப்பில் மெழுகை உருக்கி, சாயம் பிடிப்பதற்காகக் குக்கரில் வேகவைத்து, மருந்துச் சொட்டுகளை விட்டுவிட்டுக் காத்திருந்தாள். அந்தக் காத்திருப்பின் நடுவில்தான் லேபின் போன் அடித்தது. கூட வேலை பார்க்கிற பெண் எடுத்தாள்.

"ஆமா அங்கிள், இங்கேதான் இருக்காங்க. அக்கா வேலையா இருக்காங்க. ஆன்ட்டியோட ஸ்லைடைத்தான் ரெண்டாவது தடவை போட்டுட்டிருக்காங்க... தெரியலை அங்கிள். சும்மா சரிபாக்கத்தான் இருக்கும்."

மகள் கையுறையோடு ஓடி வருவதற்குள் போனை வைத்துவிட்டாள்.

"ஏன்டீ சொன்னே?"

"அப்பாதானே அக்கா கேட்டார். மத்தியானம் நீங்க சாப்பிட்டீங்களான்னு கேக்கத்தான் போன் போட்டாராம். என்ன பண்றீங்கன்னு கேட்டார், சொன்னேன். சொல்லக் கூடாதா?"

அவளைக் கோபித்துக்கொள்ள மகளுக்கு என்ன தகுதி இருக்கிறது? சொல்லக் கூடாததை முதலில் சொன்னவள் யார்? பேசாமல் திரும்பிப் போய்ப் பழுப்புச் சாயத்தை ஊற்றினாள். பிறகு நீலம். பிறகு மேல்கண்ணாடி.

மைக்ராஸ்கோப்பு கூடத் தேவைப்படவில்லை. ஸ்லைடை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபோதே கண்ணாடி நுனியில் தொண்டைச் சதை பழுப்பாகத் தெரிந்தது. சாயம் பிரமாதமாக ஏறியிருந்தது. அவள் வேலையில் குறை சொல்ல எதுவும் இல்லை. பக்கத்தில் அம்மாவின் துண்டு, வெறும் நீலம்.

மேடம் வாங்கிப் பார்த்துவிட்டுத் தலையை மட்டும் அசைத்தார். பிறகு சொன்னார். "ஹெர்-2ன்னு இன்னொரு புரதத்தைப் பாக்கணும். அது நிறைய இருந்தா கீமோவோட சேர்த்துக் குடுக்க வேற மருந்து இருக்கு. அதைச் சோதிக்கிற சாயம் நம்மகிட்ட இல்லை, திங்கட்கிழமை வந்துடும்."

"அது பழுப்பா வந்தா நல்லதா மேடம், கெட்டதா?"

"கெட்டதுக்குள்ள ஒரு நல்லது. ஒரு வழி திறக்கும்." மேடம் நிறுத்தினார். "ஆனா அதை நான் பாத்துச் சொல்றேன். நீ சாயம் மட்டும் போடு."

மகள் வீட்டுக்கு வந்தபோது அம்மா முன்னறையில் விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். முகத்தில் வெயில் பட்ட சிவப்பு.

"கிளட்ச் போச்சு. நான் சொன்னேன் பாரு. அந்தப் பையனைக் கூப்பிட்டு, தம்பி, இது வண்டியா இல்ல தையல் மெஷினா, இப்படி மிதிக்கிறியேன்னு கேட்டேன். முழிக்கிறான்."

மகள் அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். பஸ்ஸில் வரும்போது எப்படி ஆரம்பிப்பது என்று பல விதமாக யோசித்து வைத்திருந்தாள். ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

"அம்மா, நான் தப்பாச் சொல்லிட்டேன்."

"எதை?"

"ஸ்லைடை. சுத்தமா இருந்ததே, அதுதான் கெட்டது. எனக்குத் தெரியலை. அந்தப் புரதம் கொஞ்சமாவது இருக்கணுமாம். அடியோட இல்லாம இருந்தா அது மோசமான வகையாம். இன்னைக்கு நானே மறுபடி போட்டேன். சாயத்துல தப்பு இல்லம்மா. தப்பு என் மேலதான்."

அம்மா விசிறியைப் பார்த்தாள். அது சுற்றிக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் புடவைத் தலைப்பால் முகத்தை விசிறிக்கொண்டாள்.

"மோசம்னா?"

"திரும்பி வர வாய்ப்பு அதிகம். கீமோ எடுத்தே ஆகணும். எடுத்தா பலன் இருக்குன்னு மேடம் சொல்றாங்க. நிஜமாத்தான் சொல்றாங்கம்மா, எனக்காகச் சொல்லலை."

"போன வாரம் நீ சொன்னதும் நிஜம்தானே."

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். சத்தம் போட்டிருந்தால் தேவலை. அம்மா கிளட்ச்சைப் பற்றிப் பேசிய அதே குரலில் பேசினாள்.

"ஒரு வருஷமா நான் ராத்திரியில தூங்கலை, தெரியுமா உனக்கு? பக்கத்துல அவர் குறட்டை விடுவார், நான் சுவரைப் பாத்துட்டுக் கிடப்பேன். நீ சொன்னியே, அன்னைக்குத்தான் தூங்கினேன். அப்புறம் தினமும் தூங்கினேன். எழுந்ததும் பசிச்சது. வெக்கமா இருந்தது, அவ்வளவு பசி." கொஞ்சம் நிறுத்தினாள். "அதையெல்லாம் இப்ப திருப்பிக் குடுக்கணுமா?"

"அம்மா..."

"அழாதே. நீ அழுதா நானும் அழணும். வயித்துல தையல் இருக்கு, வலிக்கும்."

அம்மா போனை எடுத்துக் கண்ணுக்கு எட்டத்தில் பிடித்து, ஆஸ்பத்திரி நம்பரைத் தேடினாள். மகள் கையை நீட்டினாள். "குடு, நான் பேசுறேன்."

"நீ பேசினது போதும்." அதைச் சொல்லிவிட்டு, சொன்னது அதிகம் என்று தோன்றியதோ என்னவோ, மகளின் தலையில் கையை வைத்துக்கொண்டே பேசினாள். "நேத்து வேண்டாம்னு சொன்னேனே, அந்த ஆள்தான்... ஆமாம்மா, நானேதான். இப்ப வேணும்... அந்த இடம் போயிடுச்சா? அடுத்தது எப்போ?... அவ்வளவு தள்ளியா?... சரி."

போனை வைத்தாள். "ரெண்டு வாரம் கழிச்சுத்தான் இடம் இருக்காம்."

"நான் மேடத்தை விட்டுப் பேசச் சொல்றேன்."

"அப்பாகிட்ட இப்ப ஒண்ணும் சொல்லாதே. ஊர் முழுக்க மிட்டாய் குடுக்காத குறையாச் சொல்லி வெச்சிருக்கார். டாக்டரைப் பாத்துட்டு வந்து நானே சொல்லிக்கிறேன். அவருக்கு எதையும் சின்னச் சின்னதாத்தான் குடுக்கணும்."

வாசலில் ஸ்கூட்டர் நிற்கும் சத்தம். வழக்கமாகக் கடையை அடைக்கிற நேரம் ஆகவில்லை. அப்பா ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"மறுபடி போட்டியாமே? உன் ஃப்ரெண்டு சொன்னா. எனக்கு மத்தியானத்திலிருந்து கடையில கை ஓடலை. ஒரு பக்கம் எடுக்கச் சொன்னா ரெண்டு பக்கம் எடுத்துக் குடுக்கிறேன்." முகத்தில் சிரிப்பை இழுத்து வைத்திருந்தார். "ரெண்டாவது தடவையும் சுத்தம்தானே?"

மகள் வாயைத் திறந்தாள். ஆமாம்ப்பா என்று சொன்னால் போதும். அது பொய்கூட இல்லை. பார்த்தது என்னவோ சுத்தமான கண்ணாடியைத்தான்.

"அவளைக் கேக்காதீங்க," என்றாள் அம்மா. "இப்படி உக்காருங்க. நான் சொல்றேன்."

"நின்னுக்கிட்டே கேக்குறேன். சொல்லு."

அம்மா சொன்னாள். மகள் சொன்னதைவிடச் சுருக்கமாக, ஒளிக்காமல் சொன்னாள். சின்னச் சின்னதாகக் கொடுக்கவில்லை, முழுசாகவே கொடுத்துவிட்டாள். மகள் தப்பாகப் புரிந்துகொண்டாள் என்று சொல்லாமல், "முதல்ல தெரிஞ்சது ஒண்ணு, இப்பத் தெரிஞ்சது இன்னொண்ணு" என்று மட்டும் சொன்னாள். அப்பா ஹெல்மெட்டின் வாரைப் பூட்டினார், திறந்தார், மறுபடி பூட்டினார்.

எல்லாம் கேட்டபிறகு அவர் கேட்டது ஒன்றுதான்.

"நாளைக்குக் கடைக்கு வர்றவங்ககிட்ட என்ன சொல்றது?"

யாரும் சிரிக்கவில்லை. அவர் விளையாட்டுக்குக் கேட்கவும் இல்லை. அந்த ரேஷன் கார்டுக்காரர், அவர் சம்சாரம், எல்லாரும் அவர் கண்ணுக்குள் வரிசையாக நிற்பது தெரிந்தது.

"நாளைக்குக் கடை இல்லை," என்றாள் அம்மா. "என்னோட ஆஸ்பத்திரிக்கு வர்றீங்க. இடம் குடுத்தாலும் குடுக்காட்டியும் போய் வாசல்ல உக்காருவோம். காலையில முதல் ஆளா."

"சரி," என்றார். "தண்ணி குடிச்சுட்டு வரேன்."

சமையலறைக்குள் போனார். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. ஒரு டம்ளர் நிரம்புகிற நேரம் ஆயிற்று. பத்து டம்ளர் நிரம்புகிற நேரமும் ஆயிற்று. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

மகள் எழுந்தாள். அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"விடு. ஓடட்டும். சத்தம் வெளியில கேக்கக் கூடாதுன்னுதான் திறந்து விட்டிருக்கார்." குரலை இறக்கினாள். "அவர் வெளியே வர்றதுக்குள்ள ஒண்ணு சொல்லு. இன்னும் ஏதாவது பாக்க வேண்டியது இருக்கா?"

"ஒண்ணு இருக்கும்மா. திங்கட்கிழமை. அது பழுப்பா வந்தா வேற ஒரு மருந்தும் சேர்க்கலாமாம்."

"யார் போடுறது?"

"நான்தான். ஆனா நான் பாக்கக் கூடாதுன்னு மேடம் சொல்லிட்டாங்க."

"பாக்காம இருந்துடுவியா?"

இருந்துவிடுவேன் என்று சொல்லத்தான் நினைத்தாள். போன வெள்ளிக்கிழமைக்கு முன்னால் யாராவது கேட்டிருந்தால் சட்டென்று சொல்லியிருப்பாள். அம்மாவின் விரல்கள் அவள் மணிக்கட்டை விடவில்லை.

உள்ளே குழாய் நின்றது.